இரண்டாவது ஃபெட்சில் விழுந்த சர்வர்: ஒரு இண்டெக்ஸ் க்ராஷின் முழுக் கதை

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில், வரிசைகளை வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸில் சொந்தமாக ஒரு வகையை எழுதிச் சோதித்துக்கொண்டிருந்தபோது எங்கள் சர்வர் ஏழு தடவை விழுந்தது. ஏழு தடவையும் ஒரே வரியில். அந்த வரியில் தப்பே இல்லை. தப்பு எங்கே என்று பிடிக்க ஒன்பது நாட்கள் ஆயின, அதில் ஐந்து நாட்கள் சம்பந்தமில்லாத இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தோம். அந்த ஐந்து நாட்களையும் சேர்த்தே எழுதுகிறேன். இதே மாதிரி எக்ஸ்டென்ஷன் (சர்வரோடு சேர்ந்து ஓடும் இணைப்பு நிரல்) எழுதுகிற யாருக்கும் முதலில் கண்ணில் படப்போவது அந்த இடங்கள்தான்.

என்ன கட்டிக்கொண்டிருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.6-இலிருந்து 'கிரியேட் அக்சஸ் மெத்தட்' என்றொரு கட்டளை இருக்கிறது. சர்வரின் மூல நிரலைத் தொடாமல், வெளியே ஒரு எக்ஸ்டென்ஷனாகவே புது இண்டெக்ஸ் வகையைச் சேர்க்க இது வழி செய்கிறது. இண்டெக்ஸைக் கட்ட ஒரு ஃபங்ஷன், வரிசை சேர்க்க ஒன்று, தேடலைத் தொடங்க ஒன்று, அடுத்த வரிசையை எடுத்துத்தர ஒன்று, செத்த வரிசைகளைத் துப்புரவு செய்யும் வேக்யூமுக்கு இரண்டு என்று ஒரு பட்டியலை நிரப்பிக் கொடுத்தால் மற்றதை சர்வர் பார்த்துக்கொள்ளும். எங்களுடையது 64 பிட் எண்களுக்கானது. நேரத்தை எண்ணாக வைத்திருக்கும் ஒரு பெரிய நிகழ்வு டேபிளுக்காக எழுதினோம். மதிப்புகளை 24 பக்கெட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கெட்டும் எந்த எண்ணில் தொடங்குகிறது என்ற எல்லைப் பட்டியலை இண்டெக்ஸின் முதல் பக்கத்தில், மெட்டா பக்கத்தில், எழுதி வைக்கிறது. இண்டெக்ஸைக் கட்டும்போது முடிவாகும் இந்த எல்லைகள், ரீஇண்டெக்ஸ் செய்து அதைத் திரும்பக் கட்டும்வரை மாறுவதில்லை.

ஒவ்வொரு தேடலும் மெட்டா பக்கத்தைப் போய்ப் படித்தால் எல்லா செஷன்களும் (சர்வரோடு உள்ள ஒவ்வொரு இணைப்பும் ஒரு செஷன், தனி ப்ராசஸ்) அந்த ஒரே பக்கத்தில் போய் முட்டும். அதனால் பி-ட்ரீயும் ஹாஷும் செய்வதைப் போல அதன் நகல் ஒன்றை செஷனின் மெமரியிலேயே வைத்துக்கொண்டோம். இதற்கென்றே ரெல்கேச்சில், அதாவது டேபிள், இண்டெக்ஸ் விவரங்களை ஒவ்வொரு செஷனும் தன் மெமரியில் வைத்திருக்கும் இடத்தில், ஒவ்வொரு இண்டெக்ஸின் பதிவிலும் போஸ்ட்கிரெஸ் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது, அதன் பெயர் ஆர்டி_ஆம்கேச். அங்கே நாங்கள் வைத்த ஸ்ட்ரக்ட், அதாவது தரவுத் தொகுப்பு, சுமார் 220 பைட். முதல் 8 பைட்டில் எல்லைப் பட்டியல் மெமரியில் எங்கே இருக்கிறது என்ற முகவரி, அதாவது ஒரு பாயிண்டர், அடுத்து எல்லைகளின் எண்ணிக்கை, வடிவ எண், சில சில்லறைக் குறிப்புகள், கடைசியில் 24 எல்லைகள், அவை மட்டும் 192 பைட். பாயிண்டர் காட்டுவதும் அதே துண்டுக்குள் இருக்கும் இடத்தைத்தான். இந்த அமைப்பைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் 8 பைட் பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

விழுந்த விதம்

சோதனைக்கு எடுத்துக்கொண்டது 17-ஆம் பதிப்பு. 20 லட்சம் வரிசை உள்ள டேபிள், அதில் இடைவிடாமல் வரிசை சேர்க்கும் ஒரு புரோகிராம், படிப்பதற்கு 40 செஷன்கள். படிக்கும் செஷன் ஒவ்வொன்றும் ஒரு ட்ரான்சாக்ஷனைத் தொடங்கி, முடிவைத் துண்டு துண்டாக எடுக்க உதவும் ஒரு கர்சரைத் திறந்து, 500 வரிசைகளாக ஃபெட்ச் செய்யும் (எடுக்கும்). ஒவ்வொரு 500-க்கும் இடையில், வந்த நிகழ்வுகளின் வகையைப் பார்த்து, ஆறு விவர டேபிள்களில் தேவையானதில் போய்த் தேடிவிட்டு, அப்புறம் அதே கர்சரில் அடுத்த 500-ஐக் கேட்கும். உண்மையான பயன்பாடு இப்படித்தான் இருக்கும் என்பதால் சோதனையையும் அப்படியே எழுதியிருந்தோம். அப்படி எழுதாமல், வெறும் செலக்ட் ஒன்றை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் இந்தப் பிழை இன்னும் உள்ளேயே இருந்திருக்கும்.

பதிவுக் கோப்பில் வந்தது வழக்கமான செய்திதான். ஒரு சர்வர் ப்ராசஸ் சிக்னல் 11-ஆல் நின்றது, செக்மென்டேஷன் ஃபால்ட், அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு ஃபெட்ச். ஒரு ப்ராசஸ் இப்படிச் செத்தால் பகிர்ந்த மெமரியில் என்ன கெட்டிருக்கும் என்று தெரியாது என்பதால், தலைமை ப்ராசஸான போஸ்ட்மாஸ்டர் மற்ற எல்லா செஷன்களையும் நிறுத்திவிட்டு, வால் (WAL) என்ற மாற்றப் பதிவைத் திரும்ப ஓட்டி, சர்வரைப் புதிதாக எழுப்புகிறது. தரவு எதுவும் போகவில்லை. ஆனால் ஒரு செஷன் செய்த தப்புக்கு 40 செஷன்களும் அறுந்தன, இண்டெக்ஸ் எழுதுகிறவர்கள் மறக்கவே கூடாத விஷயம் இது. நம் நிரல் சர்வரின் உள்ளேயே ஓடுகிறது, நடுவில் எந்தச் சுவரும் இல்லை.

செத்த கணத்தில் மெமரியில் இருந்ததன் நகலான கோர் கோப்பு முதல் க்ராஷுக்குக் கிடைக்கவில்லை. அதற்கான வரம்பு பூஜ்யத்தில் இருந்தது. பிஜி_சிடிஎல் வழியாகத் தொடங்கும்போதே அந்த வரம்பைத் தளர்த்தும் ஒரு ஆப்ஷன் உண்டு, அதைப் போட்டுத் தொடங்கினோம். இரண்டாவது க்ராஷுக்குக் கோர் கிடைத்தது. ஜிடிபி என்ற டீபக்கரில் திறந்து பார்த்தால், அடுத்த பக்கெட்டுக்கு நகரும் எங்கள் ஃபங்ஷனில், எல்லைப் பட்டியலின் ஐந்தாம் எண்ணுள்ள இடத்தைப் படிக்கும் வரியில் நின்றிருந்தது. தொட முயன்ற முகவரி 40. ஐந்தை எட்டால் பெருக்கினால் 40, ஆக பட்டியலின் தொடக்கம் பூஜ்யம், பாயிண்டர் எதையும் காட்டவில்லை. ஆனால் அதே ஸ்ட்ரக்டில் எண்ணிக்கை 24 என்று சரியாக இருந்தது, வடிவ எண் சரி, கடைசியில் இருந்த 24 எல்லைகளும் ஒன்று விடாமல் சரி. கெட்டிருந்தது முதல் 8 பைட் மட்டும்.

இப்படி ஒன்றைப் பார்த்தால் மனம் உடனே ஒரு முடிவுக்குப் போய்விடும், எங்களுடையதும் போனது. மெட்டா பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது அந்தப் பாயிண்டரை மட்டும் கையால் திருத்த வேண்டும், ஏனென்றால் வட்டில் அந்த இடத்தில் பூஜ்யம்தான் எழுதியிருக்கும். அப்படியானால் ஏதோ ஒரு பாதையில் அந்தத் திருத்தம் விட்டுப்போகிறது என்று நினைத்தோம். நகலெடுக்கும் நிரல் மொத்தமே முப்பது வரி, அதை இரண்டு நாள் படித்தோம், நடுவில் எரர் வந்தால் என்ன ஆகும், கேன்சல் வந்தால் என்ன ஆகும், இரண்டு தடவை நிரப்பினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக. கடைசியில், நகல் முடிந்ததும் பாயிண்டர் பூஜ்யமாக இருந்தால் அங்கேயே சர்வரை நிறுத்திவிடு என்று ஒரு சோதனையைச் சேர்த்துவிட்டு ஓட்டினோம். அந்தச் சோதனை ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை, க்ராஷ் மட்டும் முன்பு போலவே வந்தது. சரி, வைக்கும்போது பாயிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது, பிறகு யாரோ கெடுக்கிறார்கள் என்பது அதிலிருந்து தெளிவானது.

அடுத்த மூன்று நாட்கள் அந்த 'யாரோ'வைத் தேடினோம். எங்கோ ஒரு எழுத்து எல்லை மீறி 8 பைட் பூஜ்யத்தை இங்கே கொட்டுகிறது என்பது ஊகம். மெமரித் தவறுகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவிக்கு ஏற்றபடி சர்வரைத் திரும்பக் கட்டி, எங்கள் ரிக்ரஷன் சோதனைகள் எல்லாவற்றையும் அதன் கீழே ஓட்டினோம். மெதுவாக ஓடி முடித்து, ஒரு குறையும் இல்லை என்றது. ஒரு செஷனில் ஜிடிபியை இணைத்து அந்த முகவரியில் யாராவது எழுதினால் நிற்கும்படி வாட்ச்பாயிண்ட் போட்டோம், 40 செஷன்களில் வேறொன்று விழுந்தது. இண்டெக்ஸ் பக்கத்தில் எழுதும் இடங்கள் எல்லாவற்றிலும் நீளத்தைச் சரிபார்த்தோம், அங்கே உண்மையிலேயே ஒரு சின்னப் பிழை கிடைத்தது, ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதைத் திருத்திவிட்டு அன்று சாயங்காலம் எல்லாம் முடிந்தது என்று நம்பினோம். இரவே ஆறாவது க்ராஷ்.

எப்போது விழவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்டது என்னோடு வேலை செய்கிற நண்பர். எப்போது விழுகிறது என்று ஐந்து நாளாகப் பார்க்கிறோம், எப்போது விழாமல் இருக்கிறது என்று பார்த்தோமா என்றார். பார்க்கவில்லை. எழுதும் புரோகிராமை நிறுத்திவிட்டு, படிக்கும் 40 செஷன்களை மட்டும் ஒரு இரவு முழுக்க ஓட்டினோம், ஒன்றும் விழவில்லை. எழுதுவதைத் திரும்பத் தொடங்கி ஆட்டோவேக்யூமை மட்டும் அணைத்து ஓட்டினோம், அப்போதும் விழவில்லை! பின்னணியில் தானாக ஓடும் ஆட்டோவேக்யூமில், துப்புரவுக்கு வேக்யூம், டேபிளின் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்க அனலைஸ் என்று இரண்டு வேலை உண்டு. எது எப்போது ஓடியது என்று பார்க்கலாம் என்றால் பதிவுக் கோப்பில் எதுவும் இல்லை, ஏனென்றால் 10 நிமிடத்துக்கு மேல் ஓடியதை மட்டும் எழுதுவதுதான் இயல்பான அமைப்பு. அதைப் பூஜ்யமாக்கினோம். அடுத்த க்ராஷ், ஏழாவது, ஒரு தானியங்கி அனலைஸ் முடிந்த இரண்டாவது நொடியில் வந்தது.

கணக்கும் ஒத்துவந்தது. கடைசி அனலைஸுக்குப் பிறகு மாறிய வரிசைகள், 50-ஐயும் டேபிளின் 10 சதவீதத்தையும் கூட்டினால் வருவதைத் தாண்டினால் அடுத்த அனலைஸ் ஓடும் என்பது இயல்பான விதி. 20 லட்சத்துக்கு அது 2,00,050 வரிசை. எங்கள் புரோகிராம் அவ்வளவையும் சில நிமிடங்களில் எழுதிவிடும். ஆனால் ஒரு குழப்பம் மிச்சமிருந்தது. பதிவில் அனலைஸ் எத்தனையோ தடவை ஓடியிருக்கிறது, க்ராஷ் மட்டும் எப்போதாவதுதான். இன்னொரு ஜன்னலில் நானே கையால் அனலைஸ் கட்டளையை இருபது தடவை கொடுத்துப் பார்த்தேன், கர்சர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தற்செயலோ என்று பாதி மனதுக்குத் தோன்றிவிட்டது.

அதை உடைத்தது அசர்ட் பில்ட். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அசர்ட்டுகளை, அதாவது நிரலுக்குள் இருக்கும் உள்சோதனைகளை, இயக்கி சர்வரைக் கட்டி, அதே சுமையைக் கொடுத்து, விழும்வரை காத்திருந்தோம். விழுந்தது, அதே வரி, பாயிண்டர் அதே பூஜ்யம். ஆனால் இந்தத் தடவை எல்லைகளின் எண்ணிக்கை 24 என்று இல்லை, 2139062143 என்று இருந்தது. போஸ்ட்கிரெஸ் உள்ளே வேலை செய்தவர்களுக்கு இந்த எண் பழக்கம். ஹெக்ஸில் எழுதினால் 7எஃப் என்ற பைட் நான்கு தடவை. அசர்ட் பில்டில், விடுவித்த மெமரியை எல்லாம் சர்வர் 7எஃப் போட்டு நிரப்பிவிடும், யாராவது செத்த இடத்தைத் தொட்டால் பளிச்சென்று தெரியட்டும் என்று. எங்கள் ஸ்ட்ரக்டின் மேல் யாரும் எதையும் கொட்டவில்லை. அந்தத் துண்டையே யாரோ விடுவித்துவிட்டார்கள், நாங்கள் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் முதல் 8 பைட் மட்டும் ஏன் 7எஃப் ஆகாமல் பூஜ்யம்? 16-ஆம் பதிப்பிலிருந்து, சின்னத் துண்டுகளை விடுவிக்கும்போது, காலியான துண்டுகளின் சங்கிலியில் அடுத்தது எது என்ற தகவலை அந்தத் துண்டின் தரவுப் பகுதியிலேயே, முதல் 8 பைட்டில், எழுதி வைக்கிறது மெமரியைப் பங்கிட்டுத்தரும் அலோகேட்டர். சங்கிலியில் வேறு துண்டு இல்லாவிட்டால் அது பூஜ்யம். சாதாரண பில்டில் 7எஃப் நிரப்புதல் கிடையாது, அதனால் அந்த 8 பைட் தவிர மற்றதெல்லாம் உயிரோடு இருப்பதைப் போலவே இருக்கும். பாயிண்டரை ஸ்ட்ரக்டின் தலையில் வைத்தது நாங்கள். அந்த இரண்டும் சேர்ந்து, பாயிண்டர் மட்டும் கெட்டிருக்கிறது என்ற பொய்யான படத்தைக் காட்டின. ஐந்து நாட்கள் அந்தப் படத்தின் பின்னால்தான் ஓடியிருக்கிறோம்.

யார் விடுவித்தது

சர்வர்தான், அதுவும் முழு உரிமையோடு. நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன். அனலைஸ் முடியும்போது டேபிளுக்கு மட்டுமல்ல, அதன் ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும் பக்க எண்ணிக்கை, வரிசை எண்ணிக்கை இரண்டையும் பிஜி_கிளாஸ் என்ற சர்வரின் உள் டேபிளில் புதுப்பிக்கிறது. பிஜி_கிளாஸில் ஓர் இண்டெக்ஸின் வரிசை மாறினால், அந்த இண்டெக்ஸைப் பற்றி ரெல்கேச்சில் வைத்திருப்பது பழசாகிவிட்டது என்று எல்லா செஷன்களுக்கும் ஒரு செய்தி போகும். ஒவ்வொரு செஷனும் தனக்கு வசதியான இடத்தில் அந்தச் செய்தியை எடுத்துப் படிக்கும், அதில் முக்கியமான இடம் ஒரு டேபிளின் மேல் புதிதாகப் பூட்டு வாங்கும் கணம். படித்ததும் அந்த இண்டெக்ஸின் பதிவைப் புதுப்பிக்கும். கர்சர் அதைத் திறந்து வைத்திருப்பதால் பதிவின் முகவரி மாறாது, அதில் குறையில்லை. ஆனால் ஆர்டி_ஆம்கேச்சில் இருக்கும் துண்டை விடுவித்து, அந்த இடத்தைப் பூஜ்யமாக்கிவிடும். அடுத்து யாருக்காவது தேவைப்பட்டால் மெட்டா பக்கத்திலிருந்து திரும்ப நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம்.

எங்கள் நிரலில் தேடல் தொடங்கும் ஃபங்ஷன், கேச்சின் முகவரியை ஒரு தடவை வாங்கி, தேடல் முடியும்வரைக்கும் தன் ஸ்ட்ரக்டில் வைத்துக்கொண்டிருந்தது. கர்சர் திறந்து முதல் 500 வரிசை வருகிறது. நடுவில் அனலைஸ் முடிகிறது, செய்தி காத்திருக்கிறது. நம் செஷன் ஒரு விவர டேபிளைத் தொடுகிறது, பூட்டு வாங்குகிறது, செய்தியைப் படிக்கிறது, கேச் விடுபடுகிறது. அடுத்த ஃபெட்ச் பழைய முகவரிக்குப் போய் விழுகிறது.

அவ்வளவுதான் காரணம். ஆனால் இவ்வளவு நேரான ஒரு பிழை ஏன் ஒவ்வொரு அனலைஸிலும் விழாமல் எப்போதாவது மட்டும் விழுந்தது என்பதைப் புரிந்துகொள்ளாமல் திருத்தத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. பாதி புரிந்த பிழையைத் திருத்தினால் மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று தெரியாமலே போய்விடும்.

முதல் காரணம் எளிது. எண்ணிக்கை உண்மையில் மாறியிருந்தால்தான் அனலைஸ் பிஜி_கிளாஸ் வரிசையில் எழுதும், அதே மதிப்பு என்றால் தொடவே தொடாது. நான் கையால் கொடுத்த இருபது அனலைஸும் எழுதும் புரோகிராம் நின்றிருந்தபோது கொடுத்தவை, ஒன்றிலிருந்தும் செய்தி போயிருக்காது. இரண்டாவது, ஒரே ட்ரான்சாக்ஷனில் ஏற்கெனவே பூட்டு வாங்கிய டேபிளைத் திரும்பத் தொடும்போது செய்திகளைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை என்று சர்வர் தாண்டிப் போய்விடும். ஆகவே அந்த ட்ரான்சாக்ஷனில் முதல் முறையாக ஒரு டேபிளைத் தொடும் இடத்தில்தான் பெரும்பாலும் ஆபத்து.

மூன்றாவதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஆறு விவர டேபிள்களில் ஐந்துக்கான தேடல், பிரதான டேபிளையும் சேர்த்து ஜாயின் செய்யும், அதாவது அதே செஷனில் எங்கள் இண்டெக்ஸை இன்னொரு தடவை பயன்படுத்தும். அப்போது கேச் காலியாக இருப்பதைப் பார்த்து எங்கள் நிரல் அதே மெமரி கான்டெக்ஸ்டில் (மெமரித் தொகுதியில்) அதே அளவுக்கு இடம் கேட்கும். அலோகேட்டர் சின்ன அளவுகளை இரண்டின் அடுக்குகளாக மேலே ஏற்றி வைக்கிறது, 220 கேட்டாலும் 256 பைட் துண்டு. காலியான 256 பைட் துண்டுகளின் சங்கிலியில் கடைசியாக வந்தது முதலில் போகும். கடைசியாக வந்தது எது? சற்று முன் விடுவித்த அதே துண்டு. எனவே புதிய கேச் பழைய முகவரியிலேயே வந்து உட்காரும், அதே 24 எல்லைகளோடு. கர்சர் பிடித்திருந்த செத்த பாயிண்டருக்கு உயிர் வந்துவிடும். எல்லாம் சரியாக ஓடும், சரியான வரிசைகள் வரும். ஆறாவது விவர டேபிளுக்கான தேடல் மட்டும் பிரதான டேபிளைத் தொடாது. அனலைஸ் முடிந்து, செய்தி இன்னும் படிக்கப்படாமல், இந்த ட்ரான்சாக்ஷனில் முதல் முறையாக அந்த ஆறாவது டேபிளைத் தொட்டு, அடுத்ததாக ஃபெட்ச் வந்தால் சர்வர் விழும். அந்த வகை நிகழ்வுகள் எங்கள் சோதனைத் தரவில் குறைவு.

இதைத் தாளில் வரைந்து பார்த்த பிறகு மறு உருவாக்கம் ஐந்து நிமிட வேலை. ஒரு ஜன்னலில் ட்ரான்சாக்ஷன் தொடங்கி, கர்சர் திறந்து, 500 வரிசை எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு ஜன்னலில் சில ஆயிரம் வரிசைகளைச் சேர்த்துவிட்டு அனலைஸ். முதல் ஜன்னலுக்குத் திரும்பி, இதுவரை தொடாத ஏதாவது ஒரு டேபிளில் ஒரு எண்ணிக்கை கேட்டுவிட்டு, அடுத்த 500. முதல் முயற்சியிலேயே விழுந்தது. நடுவில் பிரதான டேபிளில் இண்டெக்ஸ் வழியாக ஒரே ஒரு வரிசையைத் தேடிவிட்டு ஃபெட்ச் செய்தால் விழவில்லை. ஒன்பது நாளில் மனம் நிறைந்த கணம் எனக்கு அந்த இரண்டாவது முடிவுதான், ஏனென்றால் விழாத காரணமும் கையில் வந்துவிட்டது.

திருத்தம்

தேடல் தொடங்கும்போது 24 எல்லைகளையும் தேடலுக்கே சொந்தமான மெமரியில் நகலெடுத்துக்கொள்கிறோம். ஒரு தேடலுக்கு 192 பைட், நேரத்தில் அளக்கும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மற்ற இண்டெக்ஸ் வகைகள் என்ன செய்கின்றன என்று அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். எஸ்பி-ஜிஸ்ட் இதைத்தான் செய்கிறது, கேச்சில் இருப்பதைத் தன் ஸ்டேட் ஸ்ட்ரக்டுக்குள் மதிப்பு மதிப்பாக எடுத்துக்கொள்கிறது, முகவரியைப் பிடித்துக்கொள்வதில்லை. பி-ட்ரீ ஒவ்வொரு தடவை மேலிருந்து இறங்கும்போதும் ஆர்டி_ஆம்கேச்சைப் புதிதாகப் பார்க்கிறது, காலி என்றால் மெட்டா பக்கத்துக்குப் போகிறது.

நகல் என்றதும் அடுத்த கேள்வி, நகல் பழசானால் என்ன செய்வது. எங்களுக்கு அதிர்ஷ்டவசமாக எல்லைகள் ரீஇண்டெக்ஸில்தான் மாறும், சாதாரண ரீஇண்டெக்ஸ் இண்டெக்ஸின் மேல் முழுப் பூட்டு கேட்கும், கர்சர் திறந்திருக்கும்வரை அது காத்திருக்கத்தான் வேண்டும். மற்ற வேலைகளைத் தடுக்காத கன்கரண்ட் முறையில் செய்தால் புது இண்டெக்ஸ் தனியாகக் கட்டப்படும், பழையதன் எல்லைகளில் கை வைக்காது. எல்லைகள் நடுவில் மாறக்கூடிய இண்டெக்ஸ் என்றால் இது போதாது. ஹாஷ் இண்டெக்ஸ் 10-ஆம் பதிப்பிலிருந்து மெட்டா பக்கத்தைக் கேச் செய்கிறது. அதில் ஒவ்வொரு பக்கெட்டின் முதன்மைப் பக்கத்திலும், அந்த பக்கெட் கடைசியாகப் பிரிந்தபோது மொத்தம் எத்தனை பக்கெட் வரை இருந்தன என்பதை எழுதி வைத்திருக்கும், கையில் இருக்கும் கேச் பழசா என்று அதை ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளும். அழகான ஏற்பாடு, பக்கெட் பிரிப்பை நாங்கள் சேர்க்கும் நாளில் இதைத்தான் பின்பற்றப்போகிறோம்.

அப்புறம் ஸ்ட்ரக்டின் தலையில் இருந்த பாயிண்டரையே எடுத்துவிட்டோம். எல்லைகள் அதே துண்டின் கடைசியில்தானே இருக்கின்றன, நேராக அங்கேயே படிக்கலாம், பாயிண்டர் எதற்கு என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

ஒரு இடத்தில் இந்தப் பிழை இருந்தால் இன்னொரு இடத்திலும் இருக்கும் என்று தேடியதில் கிடைத்தது, வரிசை சேர்க்கும் ஃபங்ஷன். ஒரே கட்டளையில் பல வரிசைகளைச் சேர்க்கும்போது, தடவைக்குத் தடவை தயாரிப்பு வேலையைத் திரும்பச் செய்யாமல் இருக்க இண்டெக்ஸ்இன்ஃபோ என்ற ஸ்ட்ரக்டில் ஐஐ_ஆம்கேச் என்று ஓர் இடம் தருகிறார்கள், அந்தக் கட்டளை முடியும்வரை அது இருக்கும். அதற்குள்ளும் ஆர்டி_ஆம்கேச்சின் முகவரியைத்தான் போட்டு வைத்திருந்தோம். எங்கள் எழுதும் புரோகிராம் கட்டளைக்கு ஒரு வரிசை என்று எழுதியதால் இது ஒருநாளும் வெளியே வரவில்லை. காப்பி கட்டளையில் பல ஆயிரம் வரிசைகளை ஏற்றும்போது, வரிசை சேரும்போது தானாக ஓடி வேறு டேபிளைத் தொடும் ட்ரிக்கர் ஒன்று இருந்தால் போதும், வந்திருக்கும். அதே மாதிரி திருத்தினோம்.

இதைச் சோதிக்க டீபக்_டிஸ்கார்ட்_கேச்சஸ் என்ற அமைப்பைப் பயன்படுத்தினோம். 14-ஆம் பதிப்பில் வந்தது, அசர்ட் பில்டில் கிடைக்கும். 1 என்று வைத்தால், செய்தி வந்தாலும் வராவிட்டாலும், வாய்ப்புக் கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் சர்வர் தன் கேச்சுகளைத் தூக்கி எறியும். அனலைஸுக்காகக் காத்திருக்க வேண்டாம், இரண்டாவது ஜன்னல் வேண்டாம். பழைய நிரலில் கர்சரின் இரண்டாவது ஃபெட்சிலேயே விழுந்தது, ட்ரிக்கருடன் காப்பி கொடுத்தால் அதுவும் விழுந்தது. இதன் விலை வேகம். எங்கள் ரிக்ரஷன் சோதனைகள் வழக்கமாக 4 நிமிடத்தில் முடியும், இந்த அமைப்பில் மூன்று மணி நேரத்தைத் தாண்டின. அதனால் இரவில் மட்டும் ஓட்டுகிறோம். பகலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட, மேலே சொன்ன இரண்டு ஜன்னல் கதையை ஐசோலேஷன் டெஸ்டருக்கான ஒரு கோப்பாக எழுதிவிட்டோம், இரண்டு செஷன்களின் படிகளையும் குறித்த வரிசையில் அது மாற்றி மாற்றி ஓட்டும், சில நொடிகள்தான் ஆகும்.

க்ராஷைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. விடுவித்த துண்டு எங்களுக்கே திரும்பி வந்ததால் பிழைத்தோம், துண்டு சும்மா கிடந்ததால் விழுந்தோம். ஆனால் அந்த மெமரி கான்டெக்ஸ்டில் வேறு ஏதாவது ஒரு 256 பைட் தேவைக்கு அந்தத் துண்டு போயிருந்தால்? பாயிண்டர் பூஜ்யமாக இருக்காது, வேறெங்கோ காட்டும், அங்கே இருப்பதை எல்லை என்று எடுத்துக்கொண்டு தேடல் சில பக்கெட்டுகளைத் தாண்டிப் போய்விடும். சர்வர் விழாது, எரர் வராது, முடிவில் சில வரிசைகள் மட்டும் குறையும். யாருக்கும் தெரியாது. டேட்டாபேஸ் செய்யக்கூடியதிலேயே மோசமான காரியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், க்ராஷ் ஆவது குறைந்தபட்சம் சத்தம் போட்டுச் சொல்கிறது. அதனால் ஒவ்வொரு க்வெரியையும் இண்டெக்ஸோடு ஒரு தடவை, இண்டெக்ஸ் தேடலை அணைத்து முழு டேபிளையும் படித்து ஒரு தடவை என்று ஒரே ஸ்னாப்ஷாட்டில் (தரவின் ஒரே கணத்து நிலையில்) ஓட்டி, வரிசைகளை ஒப்பிடும் சோதனை ஒன்றை எழுதி, பழைய நிரலில் இரண்டு இரவு ஓட்டினோம். வித்தியாசம் எதுவும் வரவில்லை. வராமல் தடுக்கும்படி பழைய நிரலில் எதுவும் இருக்கவும் இல்லை. அந்த ஒப்பீடு இப்போது சோதனையில் நிரந்தரமாக இருக்கிறது.

ஆர்டி_ஆம்கேச்சின் விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால், அது அறிவிக்கப்படும் ஹெடர் கோப்பிலேயே, அதற்கு மேலே உள்ள கமெண்டில். இது வெறும் கேச்தான், எப்போது வேண்டுமானாலும் காலியாகலாம், வைப்பது ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. நாங்கள் அதைப் படித்துத்தான் எழுதினோம். ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்பதைக் கவனமாகப் பின்பற்றி, அதற்காகவே பட்டியலை அதே துண்டுக்குள் வைத்துப் பாயிண்டரையும் போட்டோம். எப்போது வேண்டுமானாலும் என்பதில், ஒரு தேடல் நடந்துகொண்டிருக்கும் நடுப்பகுதியும் அடங்கும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

திருத்திய பிறகு அதே 40 செஷன் சுமையை, ஆறாவது விவர டேபிளின் நிகழ்வுகளை வேண்டுமென்றே அதிகமாக்கி, மூன்று நாட்கள் ஓட்டினோம். அனலைஸ் நூற்றுக்கணக்கில் ஓடியது, சர்வர் ஒரு தடவையும் விழவில்லை. கடைசியாக ஒன்று செய்து பார்த்தேன். முதல் வாரத்தில் எந்தக் குறையும் இல்லை என்று சொன்ன அதே வால்கிரைண்ட் பில்டில், பழைய நிரலை வைத்து, புதிதாக எழுதிய ஐசோலேஷன் கோப்பை மட்டும் ஓட்டினேன். இரண்டாவது ஃபெட்ச் வந்ததும், விடுவித்த இடத்தை எந்த வரி படிக்கிறது, அதை விடுவித்தது யார் என்று இரண்டு ஸ்டாக்கையும் (ஃபங்ஷன் அழைப்புத் தொடர்களையும்) அடுத்தடுத்து அச்சிட்டது.